வரிசைக்குக் கணக்கு எழுதுவது யார்?

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இன்றைக்கு எந்தப் பேட்டுக்குப் போனாலும் ஒரு எம்.ஏ., ஒரு எம்.காம்., ஒரு எம்.பி.ஏ. இருக்கிறது. அதற்கு மேலே படிக்க ஆசைப்படுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் முனைவர் பட்டம் என்று பேச்சு வந்தால் தமிழ், வரலாறு, சமூகவியல் என்று மூன்று நான்கு வாசல்களைத்தான் நாம் காட்டுகிறோம். நம் வரலாற்றை நாமே எழுத வேண்டும், நம் இலக்கியத்தை நாமே பேச வேண்டும் என்று போராடித் திறந்த வாசல்கள் அவை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. நானும் கவிதை எழுதுகிறவன்தான். ஆனால் அதிகாரம் இன்று வேறொரு அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. அந்த அறைக்குள் நம்ம ஆள் தலைகாட்டுவது அபூர்வம்.

அந்த அறைக்கு ஆபரேஷன்ஸ் மேனேஜ்மென்ட், இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் என்று பெயர். தமிழில் செயற்பாட்டு மேலாண்மை, தகவல் முறைமை எனலாம். பேரைக் கேட்டு மிரள வேண்டாம். சரக்கு எங்கிருந்து எங்கே போக வேண்டும், எவ்வளவு இருப்பு வைக்க வேண்டும், எத்தனை கவுண்டர் திறக்க வேண்டும், யார் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் - இது முதல் பாதி. யாருடைய பெயர் பட்டியலில் ஏறும், எந்த எண்ணோடு எந்த எண் ஒத்துப்போக வேண்டும், ஒத்துப்போகாவிட்டால் யாரைத் திருப்பி அனுப்புவது - இது இரண்டாம் பாதி. இப்படிச் சொன்னால் நம்ம சனங்களுக்கு ஒரே நொடியில் புரியும். பிறந்த நாள் முதல் இந்தப் பாடத்தின் மறுபக்கத்தில்தானே நின்றுகொண்டிருக்கிறோம்?

*

வரிசையையே எடுத்துக்கொள்வோம். வரிசைக்கு என்று ஒரு கணிதம் இருக்கிறது. டென்மார்க்கில் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்பவர் 1909இல் அதைத் தொடங்கி வைத்தார். 1961இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் ஒரு விதியை நிரூபித்தார். மணிக்கு 20 பேர் வருகிறார்கள், ஒருவர் வேலை முடிந்து வெளியேற 3 மணி நேரம் ஆகிறது என்றால், எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் உள்ளே சராசரியாக 60 பேர் நிற்பார்கள். அவ்வளவுதான் விதி. கூலி வாங்கப் போன நம்ம அம்மாவுக்கு இது லிட்டிலுக்கு முன்னாலேயே தெரியும்!

இன்னொரு கணக்கு. ஒரே கவுண்டர்; ஆட்கள் நேரங்காலம் இல்லாமல் வருகிறார்கள். அந்தக் கவுண்டர் 80 விழுக்காடு நேரம் வேலையில் இருந்தால், வரிசையில் காத்திருப்பவர்கள் சராசரியாக 3 பேர். அதே கவுண்டரை 95 விழுக்காடு நேரம் வேலை வாங்கினால்? நாலு பேர், ஐந்து பேர் என்று நினைப்போம். இல்லை, 18 பேர். ஒரு குமாஸ்தாவைக் குறைத்துச் சம்பளத்தை மிச்சம் பிடித்ததாக மேலே ஒருவர் அறிக்கை எழுதுவார். மிச்சம் ஒன்றும் ஆகவில்லை. செலவு கவுண்டரின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறியிருக்கிறது. நடவு நாளில் அரைநாள் கூலியை இழந்து நிற்கிற பெண் அதைக் கட்டுகிறாள். எந்தப் பேரேட்டிலும் அது பற்று வைக்கப்படுவதில்லை.

பாடப் புத்தகம் இதைப் பார்க்காமல் இல்லை. காத்திருப்பவரின் நேரத்துக்கும் விலை போடச் சொல்கிறது. என்ன விலை? பெரும்பாலும் அவருடைய கூலியைத்தான் அளவாக வைக்கிறார்கள். கம்பெனி அதிகாரியின் ஒரு மணி நேரத்துக்கு ஒரு விலை, கழனியில் வேலை செய்கிறவளின் ஒரு மணி நேரத்துக்கு ஒரு விலை. அப்படியானால் யாரைக் காக்க வைப்பது லாபம் என்று சூத்திரமே சொல்லிவிடும். சாதி என்ற வார்த்தை ஒரு இடத்திலும் வராது. ஆனால் விடையில் சாதி இருக்கும்.

*

நம்ம ஊருக்கு வருவோம். 2015 செப்டம்பரில் புதுச்சேரியில் ரேஷன் தானியத்துக்குப் பதிலாகப் பணத்தை வங்கிக் கணக்கில் போடுவது என்று முடிவெடுத்தார்கள். தகவல் முறைமைக்காரர்களுக்கு அது அழகான திட்டம். கடை வேண்டாம், மூட்டை வேண்டாம், எடை திருட்டு இல்லை. படத்தில் ஒரு அம்புக்குறி, அரசாங்கத்திலிருந்து குடும்பத்துக்கு. அந்த அம்புக்குறியின் நடுவில் என்னவெல்லாம் இருந்தது என்று கவுண்டரில் உட்கார்ந்த எங்களுக்குத் தெரியும். புழக்கம் இல்லாமல் முடங்கிய கணக்கு, வேறு கணக்கில் போய் விழுந்த பணம், பாஸ் புத்தகத்தில் ஒரு எழுத்தும் ஆதாரில் ஒரு எழுத்துமாக இருக்கும் பெயர், பணம் எடுக்க பஸ் காசு. பல வருஷம் பூட்டிக் கிடந்த ரேஷன் கடைகள் 2024இல்தான் மறுபடி திறந்தன. இடையில் ஒரு தலைமுறைக் குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள்.

நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் செல்போன் செயலியில் வருகைப் பதிவு கட்டாயம் ஆனது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை போட்டோ எடுத்து ஏற்ற வேண்டியிருந்தது. போட்டோ ஏறவில்லை என்றால் மண் வெட்டியது வெட்டாதது ஆகிவிட்டது. விரல்ரேகைக் கருவி கதையும் இதேதான். களை பறித்து, சித்தாள் வேலை செய்து தேய்ந்த விரலைக் கருவி ஏற்காது. "ரேகை வுழலியே தம்பி, நேத்தும் வந்துட்டுப் போனேன்." "வேற வெரல வையுங்க ஆயா." பத்து விரலும் முடிந்துவிடும். உழைத்தவளின் கையை அடையாளம் தெரியாத கருவியை வடிவமைத்தவன் உழைத்த கையைத் தொட்டதே இல்லை என்றுதானே அர்த்தம்?

யார் இவற்றையெல்லாம் வடிவமைக்கிறார்கள்? யார் மதிப்பீடு செய்து அறிக்கை தருகிறார்கள்? இந்தத் துறைகளில் பட்டம் வாங்கியவர்கள், அவர்களுக்குப் பாடம் நடத்துகிற முனைவர்கள். அந்த முனைவர்கள் எங்கே உற்பத்தியாகிறார்கள் என்று பார்த்தால் கதவு தெரியும்.

*

லிட்டில் விதி வந்த அதே 1961இல்தான் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஐ.ஐ.எம்.கள் தொடங்கின. அகமதாபாத்தில் 1971இல் ஆராய்ச்சிப் படிப்பு வந்தது. அப்போது 'ஃபெல்லோ' என்று பட்டம். 2017ஆம் ஆண்டு ஐ.ஐ.எம். சட்டத்துக்குப் பிறகு முனைவர் பட்டம். மத்தியக் கல்வி நிறுவனங்களில் மாணவர் சேர்க்கைக்கு இடஒதுக்கீடு என்று 2006இல் சட்டமே வந்தது: எஸ்.சி.க்கு 15 விழுக்காடு, எஸ்.டி.க்கு 7.5, பிற்படுத்தப்பட்டோருக்கு 27. எம்.பி.ஏ.வுக்கு நிகரான படிப்பில் அது நுழைந்தது. அகமதாபாத்தின் முனைவர் படிப்பில் நுழையவில்லை. குஜராத் உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு போட்ட பிறகு, 2025 சேர்க்கையிலிருந்து கொடுக்கிறோம் என்று 2024இல் ஒத்துக்கொண்டார்கள். 1971லிருந்து 2025. ஐம்பத்து நான்கு வருஷம்! காத்திருப்பின் விலையைக் கணக்குப் போடக் கற்றுக்கொடுக்கிற இடம், நம்மை அரை நூற்றாண்டு வாசலில் நிற்க வைத்தது.

இதன் சூட்சுமத்தைக் கவனியுங்கள். பேராசிரியர் ஆக முனைவர் பட்டம் வேண்டும். முனைவர் படிப்பில் இடஒதுக்கீடு கிடையாது என்று வைத்திருந்தார்கள். பிறகு பேராசிரியர் பதவிக்கு விளம்பரம் போட்டுவிட்டு, 'தகுதியானவர் எவரும் கிடைக்கவில்லை' என்று கோப்பை மூடுவார்கள். குளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலை அடைத்துவிட்டுக் குளத்தில் மீன் இல்லை என்று சொல்வதைப்போல.

வாசலைத் தாண்டினால் அடுத்த வாசல். யு.ஜி.சி. 2024இல் அறிவித்த முறைப்படி, ஜே.ஆர்.எஃப். எடுக்காதவர்களுக்கு நெட் தேர்வு மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எழுத்தில் 70க்கு 50 எடுத்த நம்ம பெண்ணுக்கு நேர்காணலில் 30க்கு 8 போடுகிறார்கள். 42 எடுத்த ஒருவனுக்கு 22. கூட்டினால் அவள் 58, அவன் 64. முப்பது மதிப்பெண் போதும் ஒரு பரம்பரையைக் காப்பாற்ற.

வேலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு தாழ்ப்பாள். 2022ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிகள் பகுதிநேர ஆராய்ச்சியை அனுமதிக்கின்றன. ஆனால் வேலை கொடுத்தவரிடம் தடையில்லாச் சான்று வாங்கி வர வேண்டும்: படிக்க அனுமதி உண்டு, நேரம் தருவோம், தேவைப்பட்டால் பாடவேளைக்கு விடுவிப்போம் என்று. எனக்குத் தெரிந்த ஒரு தம்பியின் விண்ணப்பம் ஓர் அலுவலகத்தில் மேசை மேசையாகப் போய், சேர்க்கைத் தேதி முடிந்த பிறகு திரும்பி வந்தது. யாரும் மறுக்கவில்லை. சும்மா காக்க வைத்தார்கள்.

உள்ளே போன பிறகும் தீர்வதில்லை. சேலம் மாவட்டத்திலிருந்து ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆராய்ச்சிக்குப் போன செந்தில்குமார் 2008 பிப்ரவரியில் இறந்தார். அவருக்கு வழிகாட்டியே ஒதுக்கப்படாமல் இருந்தது. அதே பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரி 17 அன்று ரோகித் வெமுலா போனார். ஏழு மாத உதவித்தொகை அவருக்கு வர வேண்டியிருந்தது. பல்கலைக்கழகம் மாதாமாதம் உறுதி செய்து, பிறகு பட்டியல் நகர்ந்து, கணக்கில் ஏற வேண்டிய பணம் அது. அதுவும் ஒரு தகவல் முறைமைதான். அது எங்கே நிற்கிறது, யாருக்கு நிற்கிறது என்று ஆராய்ந்தால் ஒரு முனைவர் பட்டம் தேறும்.

*

சில தோழர்கள் கேட்கலாம்: "மேனேஜ்மென்ட் என்பதே முதலாளி படிப்பு. ஆளைக் கசக்கிப் பிழியக் கற்றுக்கொடுக்கிற படிப்பு. நமக்கு எதுக்கு?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அம்பேத்கர் இப்படி நினைக்கவில்லை. பணம் ஆள்கிறவர்களின் சங்கதி என்று அவர் ஒதுங்கியிருந்தால், ரூபாயின் பிரச்சனையை ஆராய்ந்து 1923இல் லண்டனில் டி.எஸ்ஸி. வாங்கியிருக்க மாட்டார். 1925இல் ஹில்டன் யங் கமிஷன் முன்னால் நாணயக் கொள்கை பற்றிச் சாட்சியம் சொல்லியிருக்க மாட்டார். அவருக்கும் உதவித்தொகை முடிந்தது. 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். 1920இல் மறுபடி போய் முடித்தார். நம்மை ஆள்கிற கருவியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பார்ப்பது அவர் காட்டிய வழி. கத்தி யார் கையில் இருக்கிறது என்று கேட்டால் மட்டும் போதாது. அதன் வார்ப்படம் எப்படி என்றும் தெரிய வேண்டும்.

ஆகவே கேட்போம். முனைவர் சேர்க்கையில் ஒவ்வொரு துறையும் எத்தனை இடம், அதில் யார் சேர்ந்தார்கள் என்று வருஷாவருஷம் வெளியிட வேண்டும். எழுத்து மதிப்பெண்ணையும் நேர்காணல் மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போட வேண்டும். தடையில்லாச் சான்றுக்கு நாள் கெடு வேண்டும். கெடு தாண்டினால் கொடுத்ததாகக் கொள்ள வேண்டும். உதவித்தொகை சம்பளம்போல மாதக் கடைசியில் ஏற வேண்டும்.

பிள்ளைகளுக்கும் ஒன்று. எம்.பி.ஏ., எம்.காம்., எம்.சி.ஏ., கணிதம் முடித்துவிட்டு என்ன செய்வது என்று நிற்கிறீர்கள். முதுகலையில் 55 விழுக்காடு கேட்பார்கள். நமக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. பாகூரிலிருந்து பஸ் மாறிப் போனால் காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நிர்வாகவியல் உண்டு, வங்கித் தொழில்நுட்பம் என்று ஒரு துறையே உண்டு. தலைப்பு தேடி எங்கும் அலைய வேண்டாம். ரேஷன் பணம் எத்தனை வீட்டுக்கு எத்தனை நாள் தாமதமாகப் போனது? தேய்ந்த விரலைக் கருவி எத்தனை தடவை திருப்பி அனுப்புகிறது? பாகூர் ஏரித் தண்ணீர் எந்த மதகில் முதலில் திறக்கிறது, யார் நிலத்துக்குக் கடைசியில் வருகிறது? குப்பை வண்டி ஊருக்குள் எத்தனை நடை, பேட்டுக்குள் எத்தனை நடை?

இதற்கெல்லாம் எண் வேண்டும். நாம் வயிறெரிந்து சொன்னால் புலம்பல் என்கிறார்கள். எண்ணோடு சொன்னால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த எண்ணை எடுக்கத் தெரிந்தவர்கள் நம்ம தெருவிலிருந்து வரட்டும்.