ஒரே சாலை, ஒரே கடிகாரம்

சென்ற பொங்கல் விளையாட்டு விழாவில் நாம் ஒரு பிழை செய்தோம். பிழை என்று அன்று நமக்குத் தோன்றவில்லை. ராமாபுரத்தில் சிறுவர் ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தபோது, சக்கர நாற்காலியில் அமர்ந்த ஒரு பையனை அவன் தாயார் தள்ளிக்கொண்டு வந்தார். பையனுக்குப் பதினான்கு வயதிருக்கும். "எனக்கு எந்தப் பந்தயம்?" என்று கேட்டான். பெயர்ப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்த நாம், "உனக்குப் பந்தயமே வேண்டாம், தம்பி. பரிசு உண்டு" என்று சிரித்த முகத்துடன் சொன்னோம். மாலையில் அவனை மேடைக்கு அழைத்தோம். மேடைக்கு நான்கு படிகள்; இருவர் நாற்காலியோடு அவனைத் தூக்கி ஏற்றினர். கூட்டம் பலமாகக் கைதட்டியது. எவர்சில்வர் டிபன் பெட்டி ஒன்றைக் கொடுத்து அனுப்பினோம். மறுவாரம் அந்தத் தாயார் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார். "ஓடாத பந்தயத்துக்குப் பரிசு வேண்டாம் என்கிறான், அண்ணா. தப்பாக நினைக்காதீர்கள்" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார்.

அந்தப் பெட்டி இன்றும் சங்க அலமாரியில் இருக்கிறது. அதைக் காணும்போதெல்லாம் நம் மனம் உறுத்துகிறது. சக்கர நாற்காலியில் நெடுந்தூரம் ஓடும் வீரர்களைப் பற்றி இம்மாதம் எழுதத் துணிந்ததற்கு அந்த உறுத்தலே காரணம்.

மராத்தான் ஓட்டத்தின் தூரம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். மைசூரில் புறப்பட்டால் மண்டியாவை நெருங்கிவிடும் தூரம் அது. இத்தூரத்தைக் கால்களால் ஓடியவர்களுள் கென்யாவின் கெல்வின் கிப்டம் 2023-ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் 2 மணி 35 வினாடியில் ஓடி உலகை வியக்க வைத்தார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 2021 நவம்பரில், ஜப்பானின் ஒய்ட்டா நகரில் ஸ்விட்சர்லாந்து வீரர் மார்செல் ஹுக் இதே தூரத்தைச் சக்கர நாற்காலியில் 1 மணி 17 நிமிடம் 47 வினாடியில் கடந்தார். மணிக்கு 32 கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகம்! வண்டிகளின் நேரத்தைக் குறித்துக் குறித்தே நாட்களைக் கழிக்கும் ரயில்வேத் தொழிலில் இருக்கும் நமக்கு, இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது சற்று நேரம் பேனா நகரவில்லை. எஞ்சின் இல்லை, மிதிகட்டை இல்லை, சங்கிலி இல்லை. இரண்டு கைகள் மட்டுமே!

பந்தய நாற்காலி மருத்துவமனையில் நாம் காணும் நாற்காலி போன்றதன்று. அதற்குச் சக்கரங்கள் மூன்று. பின்புறம் இரண்டு பெரிய சக்கரங்கள், மேல் விளிம்பு உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். முன்புறம் நெடுந்தூரம் நீண்ட சட்டத்தின் நுனியில் ஒரு சிறு சக்கரம். பெரிய சக்கரங்களின் வெளிப்பக்கத்தில் சிறிய வளையங்கள் உண்டு. வீரர் அவ்வளையத்தைப் பிடித்துத் தள்ளுவதில்லை. கெட்டியான கையுறை அணிந்து, மேலிருந்து கீழாகக் குத்தித் தள்ளி விடுகிறார். உடல் முன்னோக்கிக் குனிந்து, மார்பு தொடையோடு ஒட்டியிருக்கும். காற்றின் எதிர்ப்பைக் குறைக்க ஒருவர் பின் ஒருவராக நெருங்கி ஓடுவார்கள். எப்போது பின்னால் பதுங்குவது, எப்போது முந்துவது என்பதில்தான் பந்தயத்தின் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கிறது. உடலில் எவ்வளவு பகுதி இயங்குகிறது என்பதைப் பொறுத்து வீரர்களைப் பிரிவு பிரிவாக வகுத்திருக்கிறார்கள். ஆகவே யாருக்கும் சலுகை இல்லை. யாருக்கும் அநீதியும் இல்லை.

இவ்விளையாட்டு ஒரே நாளில் இந்நிலையை அடைந்துவிடவில்லை. ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்துக்கு அடைக்கலம் வந்த டாக்டர் லுட்விக் குட்மன், ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் போரில் முதுகுத்தண்டு முறிந்த வீரர்களுக்கு மருத்துவம் செய்தார். லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய 1948 ஜூலை 29-ஆம் நாளன்றே, தம் மருத்துவமனையில் நாற்காலியில் அமர்ந்த 16 பேரைக் கொண்டு வில்வித்தைப் போட்டி நடத்தினார். அந்தச் சிறு விதையே 1960-இல் ரோம் நகரில் 23 நாடுகளின் 400 வீரர்கள் கூடிய பெருவிழாவாக வளர்ந்தது.

ஆயினும் நெடுஞ்சாலை அவர்களுக்கு எளிதில் திறக்கவில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் மராத்தான் 1897-ஆம் ஆண்டு முதல் நடப்பது. இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் செயலிழந்த பாப் ஹால் என்ற இளைஞர் 1975-இல் அதில் நாற்காலியோடு ஓட அனுமதி கேட்டார். மூன்று மணி நேரத்துக்குள் முடித்தால் மற்றவர்களுக்குத் தரும் அதே சான்றிதழ் தருவதாகப் பந்தயத் தலைவர் சொன்னார். ஹால் 2 மணி 58 நிமிடத்தில் முடித்தார், சான்றிதழும் பெற்றார். இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் ஆறுதல் பரிசு கேட்கவில்லை. ஒரே சாலையும் ஒரே கடிகாரமும் கேட்டார்.

ஜப்பானின் டாக்டர் யுட்டாகா நகாமுராவும் இதே வழியில் சென்றவர். ஸ்டோக் மாண்டவில்லில் கற்றுத் திரும்பியவர் அவர். தர்மம் வேண்டாம், வாய்ப்பு வேண்டும் என்ற கொள்கையோடு 1965-இல் ஊனமுற்றோர் உழைத்துப் பிழைக்கும் தொழிற்கூடம் ஒன்றை நிறுவினார். 1981-இல் அவர் முயற்சியால் தொடங்கியதே ஒய்ட்டா சக்கர நாற்காலி மராத்தான்.

இன்னொருவர் டாட்யானா மெக்ஃபாடன். 1989-இல் லெனின்கிராடில் முதுகுத்தண்டுக் குறையோடு பிறந்து, அநாதை இல்லத்தில் நாற்காலியும் இன்றிக் கைகளால் நடந்து வளர்ந்த குழந்தை. ஓர் அமெரிக்க அம்மையார் அவரை மகளாக ஏற்றார். பள்ளியில் மற்ற மாணவிகளோடு ஒரே நேரத்தில் ஓட அனுமதி மறுக்கப்பட்டபோது, தாயும் மகளும் வழக்குத் தொடுத்தார்கள். நஷ்ட ஈடாக ஒரு காசும் கேட்கவில்லை. உடன் ஓடும் உரிமையையே கேட்டார்கள். 2006-இல் நீதிமன்றம் அதை வழங்கியது. 2008-இல் மேரிலாண்டு மாநிலம் எல்லாக் குழந்தைகளுக்கும் அவ்வுரிமையைச் சட்டமாக்கியது. அந்தப் பெண் 2013-ஆம் ஆண்டில் பாஸ்டன், லண்டன், சிகாகோ, நியூயார்க் ஆகிய நான்கு மராத்தான்களிலும் முதலாவதாக வந்தார்.

நிற்க. இவையெல்லாம் செல்வ நாடுகளின் கதைகள், நமக்கு எட்டாதவை என்று சிலர் எண்ணலாம். நம் கர்நாடகத்திலேயே ஒருவர் இருக்கிறார். பெங்களூரில் 1958-இல் பிறந்த மாலதி கிருஷ்ணமூர்த்தி ஹொள்ளா, கைக்குழந்தைப் பருவத்திலேயே இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டார். சென்னையிலுள்ள எலும்புச் சிகிச்சை நிலையம் ஒன்றில் ஆண்டுக்கணக்கில் தங்கி, அறுவைச் சிகிச்சைகள் பலவற்றைத் தாங்கினார். ஆகவே நம் தமிழ்நாட்டு மண்ணுக்கும் அவர் வாழ்வில் பங்குண்டு. பெங்களூரில் கல்லூரியில் சேர்ந்தபோது வகுப்பு மாடியில் இருந்தது. அவர் முதல்வரிடம் சென்று கேட்டார். வகுப்பு கீழ்த்தளத்துக்கு வந்தது. பின்னர் சக்கர நாற்காலி ஓட்டத்திலும், குண்டு, வட்டு, ஈட்டி எறிவதிலும் நாட்டுக்காகப் போட்டியிட்டு, அர்ஜுனா விருதும் 2001-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். இன்று தம்மைப் போன்ற குழந்தைகளை வளர்க்க மாத்ரு அறக்கட்டளையை நடத்துகிறார். அவர் ஓடியவை குறுகிய தூரப் பந்தயங்களே. ஆனால் அந்த வகுப்பறையை மாடியிலிருந்து கீழே கொண்டுவந்த தூரம் மராத்தானுக்குக் குறைந்ததா?

அந்த முதல்வர் மாணவியைத் தூக்கி மாடிக்கு ஏற்ற ஆள் வைக்கவில்லை; வகுப்பைக் கீழே இறக்கினார். நாமோ பையனைத் தூக்கி மேடையில் ஏற்றினோம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உணர நமக்கு ஒரு டிபன் பெட்டி தேவைப்பட்டது.

பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த குடும்பங்கள் நாம். சொந்த ஊரிலாவது தெருவெல்லாம் உறவு. பிள்ளையை எல்லாரும் அறிவார்கள். இங்கே, பிறர் என்ன சொல்வார்களோ என்ற தயக்கமும், பிள்ளைக்கு நோகுமே என்ற பாசமும் சேர்ந்து, நடக்க இயலாத குழந்தையை வீட்டுக்குள்ளேயே இருத்திவிடுகின்றன. பாசம் குற்றமன்று. ஆனால் பாசம் கதவைச் சாத்தினாலும் கதவு சாத்தியதுதானே? தமிழ்நாட்டில் 2010-ஆம் ஆண்டு முதல் மாற்றுத்திறனாளி என்ற மதிப்பான சொல் அரசு வழக்கிற்கு வந்துவிட்டது. சொல்லை மாற்றிக்கொண்ட நாம் மேடைப் படியை மாற்றவில்லை.

ஆகவே சங்கத்தாரிடம் மூன்று விண்ணப்பங்கள் வைக்கிறோம். முதலாவது, வரும் பொங்கலுக்குள் மேடைக்கு ஒரு பக்கம் சாய்தளம் அமைக்க வேண்டும். பலகைச் செலவு பெரிதாகாது. இரண்டாவது, சக்கர நாற்காலியில் வருவோருக்கு மேடு பள்ளமில்லாத இடத்தில் 100 மீட்டர் பந்தயம் வைக்க வேண்டும். வீட்டு நாற்காலி வேகத்துக்கென்று செய்ததன்று, வேகத்தில் கவிழக்கூடும். எனவே தூரம் குறைவாகவும், தலைக்கவசம் கட்டாயமாகவும் இருக்கட்டும். பின்னாலிருந்து யாரும் தள்ளக் கூடாது. மூன்றாவது, ஓடுவோர் ஒவ்வொருவரின் நேரத்தையும் நிறுத்துக் கடிகாரத்தில் குறித்து, மற்றப் பந்தயங்களின் முடிவோடு இவ்விதழில் வெளியிட வேண்டும். ஒருவரே ஓடினாலும் சரி. அடுத்த ஆண்டு முந்துவதற்கு அவர் நேரமே அவருக்குப் போட்டி.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் அத்தகைய பிள்ளை இருந்தால் அழைத்து வாருங்கள். "எனக்கு எந்தப் பந்தயம்?" என்று அவன் கேட்டால், இம்முறை பெயர்ப் புத்தகத்தில் அவன் பெயரை எழுதிய பிறகே நாம் வாய் திறப்போம்.

டிபன் பெட்டியை அலமாரியிலேயே வைத்திருக்கிறோம். அது முதலாவதாக வருபவருக்கு. அந்தப் பையன் வென்றால் எடுத்துச் செல்லட்டும். தோற்றால் மற்றவர்களைப் போல வெறுங்கையோடு வீடு திரும்பட்டும்.