சேலத்து மண்ணின் கதை சொல்லும் பளிங்குச் சிலை

சேலத்துக்குக் கிழக்கே, ஆத்தூர் போகும் வழியில் உள்ள ஊர் அயோத்தியாப்பட்டணம். அங்கே கோதண்டராமர் கோவில் இருக்கிறது. இலங்கையில் இருந்து திரும்பிய ராமர் இங்கே தங்கினார், இங்கேயே அவருக்குப் பட்டாபிஷேகம் நடந்தது என்று ஊரார் கூறுவார்கள்.

ராமருக்கு முடிசூட்டியதாகச் சொல்லப்படும் இந்த மண், 1792-ம் ஆண்டில் வெள்ளையர் கைக்குப் போனது. எப்படிப் போனது? அந்தக் கதையைச் சொல்லும் சிலை ஒன்று சென்னைக் கோட்டையில் நிற்கிறது. வெள்ளைப் பளிங்குச் சிலை.

அமெரிக்காவில் தோற்றவர்

சிலையில் இருப்பவர் காரன்வாலிஸ் பிரபு. ஆங்கிலேயத் தளபதி. 1781-ம் ஆண்டில், யார்க்டவுன் என்ற இடத்தில் இவருடைய படை ஜார்ஜ் வாஷிங்டனிடம் சரண் அடைந்தது. அமெரிக்கா விடுதலை பெற அது வழி செய்தது.

அங்கே தோற்றவர், 1786-ல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்தார். 1790-ல் மைசூர் மன்னர் திப்பு சுல்தானுடன் போர் மூண்டது. நிஜாமும் மராட்டியரும் வெள்ளையருடன் சேர்ந்து கொண்டார்கள். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் முற்றுகை இடப்பட்டது. திப்பு சமாதானத்துக்கு இணங்கினார்.

பிணையாகப் போன பிள்ளைகள்

நிபந்தனைகள் கடுமையானவை. பாதி ராஜ்யத்தைக் கொடுக்க வேண்டும். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். அதுவரை இரண்டு மகன்களைப் பிணையாக அனுப்ப வேண்டும்.

மூத்தவனுக்குச் சுமார் 10 வயது. இளையவனுக்குச் சுமார் 8 வயது. இருவரையும் சென்னைக்கு அழைத்துப் போனார்கள். 1794-ம் ஆண்டில்தான் பிள்ளைகள் தகப்பனிடம் திரும்பினார்கள்.

பிள்ளைகள் திரும்பினார்கள், மண் திரும்பவில்லை. சேலம், பாராமகால், திண்டுக்கல், மலபார் ஆகியவை கும்பினிக்குப் போய்விட்டன. அயோத்தியாப்பட்டணத்து வயல்களும் அதில் சேர்ந்தவைதான்.

உடனே கேப்டன் ரீடு என்ற அதிகாரி வந்தார். அவருக்கு உதவியாளர் தாமஸ் மன்றோ. நிலத்தை அளந்தார்கள். ஒவ்வொரு குடியானவரும் எவ்வளவு வரி கட்டவேண்டும் என்று குறித்தார்கள். ரயத்துவாரி முறை இங்கேதான் வேர் விட்டது. பிறகு சென்னை மாகாணத்தின் பல ஜில்லாக்களுக்கும் பரவியது.

ரோமாபுரி பாணி

வெற்றியைக் கொண்டாடச் சென்னையில் இருந்த வெள்ளையர்கள் பணம் வசூல் செய்தார்கள். லண்டன் சிற்பி தாமஸ் பாங்க்ஸ் சிலையை வடித்தார். அவர் ரோமாபுரியில் பல ஆண்டுகள் தங்கித் தொழில் பழகியவர். பழைய கிரேக்க, ரோமானியச் சிலைகளைப் போல வெள்ளைப் பளிங்கில் செதுக்குவது அப்போது ஐரோப்பாவில் நாகரிகமாக இருந்தது.

சிலை கப்பல் ஏறி வந்தது. கோட்டை மைதானத்தில் 1800-ம் ஆண்டு வாக்கில் நிறுவினார்கள். அதன் பீடத்தில் ஒரு காட்சி செதுக்கப்பட்டு இருக்கிறது. திப்புவின் பிள்ளைகளைக் காரன்வாலிஸிடம் ஒப்படைக்கும் காட்சி!

சிலை பிறகு இடம் விட்டு இடம் மாறியது. கடற்கரைப் பக்கம் போனது. கன்னிமரா நூல் நிலையத்துக்கும் போனது. கடைசியில் கோட்டைக்கே திரும்பி, இப்போது அங்குள்ள பொருட்காட்சி சாலையில் நிற்கிறது.

உடைப்பதா, வைப்பதா?

பழைய சிலைகளை என்ன செய்வது என்ற கேள்வி இன்று பல நாடுகளில் எழுந்திருக்கிறது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில், அடிமை வியாபாரத்தில் ஈடுபட்ட கோல்ஸ்டன் என்பவரின் சிலையை 2020-ல் மக்கள் இழுத்துத் தள்ளினார்கள். துறைமுகத் தண்ணீரில் வீசினார்கள். பிறகு அதை வெளியே எடுத்து, 2021-ல் பொருட்காட்சி சாலையில் வைத்தார்கள்.

இந்த வழியைத் தமிழ்நாடு முன்பே கண்டுவிட்டது. சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த நீல் துரையின் சிலையை அகற்றக் கோரி, 1927-ல் தொண்டர்கள் சிறை சென்றார்கள். 1937-ல் ராஜாஜி முதன்மந்திரி ஆனதும், அது தெருவை விட்டுப் பொருட்காட்சி சாலைக்குப் போனது. ராஜாஜி சேலம் நகரசபைத் தலைவராக இருந்தவர்.

தெருவில் நிற்கும் சிலை மரியாதை கேட்கிறது. பொருட்காட்சி சாலையில் நிற்கும் சிலை பாடம் சொல்கிறது. ஆனால், பாடம் முழுமையாக இருக்கவேண்டும். வென்றவரின் பெருமையை மட்டும் பளிங்கு காட்டுகிறது. பிள்ளைகளைப் பிரிந்த தகப்பனின் வேதனையோ, யாரும் கேட்காமலே எஜமான் மாறிய சேலத்து உழவரின் நிலையோ அதில் இல்லை. அதையும் தமிழில் எழுதி அருகே வைத்தால், சிலை நம் கதையையும் சொல்லும்.

காரன்வாலிஸ் சிலை நிற்கும் அதே கோட்டையில்தான் இன்று தமிழ்நாட்டுச் சட்டசபை கூடுகிறது. சேலத்து உழவர் ஓட்டுப் போட்டு அனுப்பிய பிரதிநிதி அங்கே போய் உட்காருகிறார். சென்னைக்குப் போகிறவர்கள் குழந்தைகளுடன் அந்தச் சிலையைப் போய்ப் பார்க்கலாம். மேலே நிற்கும் பிரபுவைப் பார்த்ததும் திரும்பிவிடக் கூடாது. குனிந்து பீடத்தைப் பார்க்கவேண்டும். நம் மண்ணின் கதை அங்கேதான் இருக்கிறது.