ரேழியில் நூறு, பின்கட்டில் நாலு

வீட்டு லேப்டாப்பில் நெட் சுத்திக்கொண்டே இருக்கிறது என்று கஸ்டமர் கேருக்கு போன் போட்டால் இரண்டு பதில்தான் வரும். பெட்டியை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள் என்பார்கள். அதற்கும் சரிவரவில்லையா, நீங்கள் இருப்பது 100 எம்பிபிஎஸ் பிளான், 200-க்கு மாறிவிடுங்கள் என்பார்கள். முதல் யோசனைக்குச் செலவில்லை. இரண்டாவதுக்கு மாதாமாதம் கூடுதல் பணம். அந்தப் பணம் பெரும்பாலான வீடுகளில் தண்டம் என்பது என் கட்சி.

நான் தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். செம்புக் கம்பிக் காலத்து ஆள். ஆனாலும் கும்பகோணத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டில் நெட் படுத்தாலும் முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். கம்பெனி ஆள் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு உடனே கிளம்பிவிடுவேன். என் மவுசுக்கு அவ்வளவுதான் காரணம்.

எதிர்ச் சாரியில் ஒரு பெண், சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். "மாமா, மீட்டிங்ல நான் பேசறது விட்டு விட்டு வருதாம். மேனேஜர் திட்றார். பிளானை ஏத்திடச் சொல்றாங்க, ஏத்திடட்டுமா?" என்று கேட்டாள். ஏற்றுவதற்கு முன் பார்த்துவிடுவோம் என்று போனேன். வீடியோ மீட்டிங் ஒன்றுக்கு 3, 4 எம்பிபிஎஸ் இருந்தாலே போதும். 100 இருக்கிற வீட்டில் அது கூட வரவில்லை என்றால் வேறெங்கோ இடிக்கிறது.

எங்கள் தெரு வீடுகள் அகலம் குறைவு, நீளம் அதிகம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, அதைத் தாண்டிப் பின்கட்டு, கொல்லை. சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய ஒன்றரை அடிச் சுவர்கள். அவள் உட்காரும் அறை பின்கட்டில். பெட்டி இருப்பதோ ரேழியில், ஈ.பி. மீட்டருக்குப் பக்கத்தில், இன்வெர்ட்டருக்கு மேலே. போஸ்ட்டிலிருந்து வரும் ஃபைபர் வீட்டுக்குள் நுழைகிற இடம் அது. பிளக் பாயின்ட்டும் கைக்கு எட்டுகிறது. மாட்ட வந்தவருக்கு அதற்கு மேல் உள்ளே போக வேண்டிய அவசியம் என்ன?

இப்படிப்பட்ட வீட்டில் நான் முதலில் செய்வது, லேப்டாப்பைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் லேன் கேபிளால் இணைத்துப் பார்ப்பது. இப்போது வரும் மெலிசான லேப்டாப் பலவற்றில் லேன் போர்ட்டே கிடையாது. யுஎஸ்பியில் செருகுகிற சின்ன அடாப்டர் ஒன்று என் பையில் எப்போதும் கிடக்கும். செருகினோம். 94 காட்டியது. 100 எம்பிபிஎஸ் லேன் போர்ட்டில் அதற்கு மேல் வராது, அது முழு வேகம்தான். கேபிளைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் வைஃபையில் பார்த்தால் ஐம்பது சொச்சம். கூடத்தில் அதில் பாதி. பின்கட்டில் அவள் மேஜை மேல் வைத்துப் பார்த்தால் 4. கம்பெனி விற்ற 100-ம் வீட்டுக்கு வந்துவிட்டது, ஆனால் ரேழியைத் தாண்டவில்லை. பிளானை ஏற்றியிருந்தால் ரேழியில் 200 இருந்திருக்கும். மேனேஜர் திட்டு நின்றிருக்காது.

கேபிளில் போட்டும் வேகம் வரவில்லை என்றால் கதை வேறு. அப்போது கோளாறு வெளியே. ஃபைபர் எங்கேயாவது மடங்கி நசுங்கியிருக்கும், அல்லது மாத டேட்டா வரம்பு தாண்டியதால் வேகத்தைக் குறைத்திருப்பார்கள். தாராளமாகச் சண்டை போடலாம். வருகிறவரிடம் பவர் மீட்டரை ஃபைபரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். -20 டிபிஎம் வாக்கில் இருந்தால் நல்ல வெளிச்சம். -27-ஐ நெருங்கினால் லைன் தள்ளாடும்.

பின்கட்டுக்கு வருகிறேன். அவள் லேப்டாப் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுப் பெட்டிகளில் சாதாரணமாக 2.4, 5 என்று இரண்டு அலைவரிசை உண்டு. முன்னது சுவரை ஓரளவு துளைத்துக்கொண்டு போகும், ஆனால் நெரிசல். 2005-ல் மத்திய அரசு இதை லைசென்ஸ் இல்லாமல் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. வைஃபை, ப்ளூடூத், ஒயர் இல்லாத மவுஸ் எல்லாம் இங்கேதான் ஓடுகின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் இதே இடத்தில்தான் கொதிக்கிறது. 13 சேனல் என்று பெயர், ஆனால் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் ஓடக்கூடியவை 1, 6, 11 என்று மூன்றுதான்.

ஒட்டு வீட்டுத் தெருவில் லேப்டாப்பைத் திறந்தால் அக்கம்பக்கத்து வைஃபைப் பெயர்கள் திரை நிறைய வந்து நிற்கின்றன. அத்தனையும் இந்த மூன்றுக்குள் அடங்க வேண்டும். வைஃபையின் சுபாவம், பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்பது. வேறு யாராவது பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்கும். பக்கத்து வீட்டுப் பையன் கிரிக்கெட் பார்க்கும் சாயங்காலத்தில் இவள் லேப்டாப் வாய் மூடி நிற்பது அதனால்தான். சிக்னல் கோடு மட்டும் ஃபுல்லாகக் காட்டும். கோடு காட்டுவது சத்தம் எவ்வளவு என்பதை. பேச இடம் கிடைக்கிறதா என்பதை அல்ல. படித்தவர்களே இதில் ஏமாறுகிறார்கள்.

ஆஃப் செய்து ஆன் செய்தால் கொஞ்ச நேரம் சரியாகிறதே என்று கேட்பார்கள். நிறைய பெட்டிகள் ஆன் ஆகும்போதுதான் எந்தச் சேனல் காலியாக இருக்கிறது என்று பார்த்து உட்காருகின்றன. காலை பத்து மணிக்குக் காலியாக இருந்த சேனல் ராத்திரி எட்டு மணிக்கு ஜேஜே என்று இருக்கும். பெட்டிக்கு அது தெரியாது. மறுபடி ஆஃப், மறுபடி ஆன். கஸ்டமர் கேர் சொல்லும் அந்த வைத்தியம் பொய்யில்லை, ஆனால் ஒரு வேளைக்குத்தான்.

அவள் வீட்டுப் பெட்டியில் 5 கிகாஹெர்ட்ஸும் இருந்தது. பட்டியலில் அதே பெயருக்குப் பின்னால் '5ஜி' என்று ஒட்டிக்கொண்டு தனியாகத் தெரிந்தது. இத்தனை நாள் ஏன் தொடவில்லை என்று கேட்டேன். "அது 5ஜி போன் வெச்சிருக்கிறவங்களுக்கு இல்லையா மாமா? தனியா ரீசார்ஜ் பண்ணணும்னு அப்பா சொன்னாரே" என்றாள். அப்பா ஊஞ்சலில் இருந்து தலையாட்டினார். செல்போன் 5ஜிக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. இந்தக் குழப்பத்தைப் பல வீடுகளில் பார்க்கிறேன். பெட்டியை மாட்டும் அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும்.

ஆனால் 5-ஐத் தட்டினால் மட்டும் பின்கட்டுக்கு விமோசனம் இல்லை. ரேழியிலிருந்து ஒன்றரை அடிச் சுவர்களை ஒவ்வொன்றாகத் தாண்டுகிற சக்தி அதற்குக் கிடையாது. வழியில் கூடத்தில் ஓர் இரும்பு பீரோ வேறு, ஆளுயரக் கண்ணாடியோடு. பெட்டியைத்தான் நகர்த்த வேண்டும், இல்லையென்றால் கேபிள் இழுக்க வேண்டும்.

அதற்கு முன் லேப்டாப் பக்கம் இருந்த வில்லங்கங்களையும் சொல்லிவிடுகிறேன். அவள் காதில் ப்ளூடூத் ஹெட்செட். ப்ளூடூத்தும் 2.4 வைஃபையும் லேப்டாப்புக்குள் ஒரே சில்லில் மாற்றி மாற்றி வேலை செய்பவை. ஒயர் ஹெட்செட்டுக்கு மாற்றியதுமே பேச்சு பாதி தெளிந்துவிட்டது. பக்கத்தில் யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் ஒன்று செருகி இருந்தது. யுஎஸ்பி 3 சாதனமும் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சலைக் கக்கும் என்று இன்டெல் நிறுவனமே 2012-ல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. பெரிய மானிட்டர் வாங்கி வைத்துக்கொண்டு லேப்டாப் மூடியைச் சாத்தியே வைத்திருந்தாள். அநேக லேப்டாப்களில் வைஃபை ஆன்டெனா அந்த மூடிக்குள், திரையின் விளிம்பில் இருக்கிறது. மூடினால் அதுவும் படுத்துக்கொள்ளும். போதாததற்கு, போனில் எடுத்த படங்களை எல்லாம் பின்னணியில் எங்கோ மேலே ஏற்றிக்கொண்டிருந்தது ஒரு மென்பொருள். மீட்டிங்கில் இவள் குரல் போக வேண்டிய பாதையில் போன வருஷக் கொலு போட்டோக்கள் போய்க்கொண்டிருந்தன.

எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, பெட்டியை ரேழியிலிருந்து கழற்றிக் கூடத்துத் தூணுக்கு மேலே மாட்டினோம். ஃபைபரை நீட்ட ரெடிமேடாக பேட்ச் கார்டு கிடைக்கிறது, இறுக்கி மடக்காமல் வளைவாகக் கொண்டுபோனால் போதும். அங்கிருந்து கேட்-6 லேன் கேபிள் ஒன்றை முற்றத்து விட்டத்தோடு ஓட்டிப் பின்கட்டு வரை இழுத்து, பரணில் கிடந்த பழைய ரூட்டரை அதன் முனையில் ஆக்ஸஸ் பாயின்ட்டாகப் போட்டாயிற்று. கேபிளுக்கு ஆன செலவு அவர்களின் ஒரு மாத நெட் கட்டணம் கூட வராது. இப்போது மேஜை மேல் எண்பதுக்குக் குறையாமல் வருகிறது.

கடைக்காரர் இதற்குப் பதில் 'பூஸ்டர்' வாங்கச் சொல்லியிருப்பார். சுவரில் செருகும் சின்னப் பெட்டி. மலிவு பூஸ்டர் ஒரே ரேடியோவால் கேட்டு, அதே ரேடியோவால் திருப்பிச் சொல்லும். அங்கேயே வேகம் பாதியாகிவிடும். அதையும் சிக்னல் செத்துப்போன இடத்தில் மாட்டினால் அது எதைக் கேட்டு எதைச் சொல்லும்? ஒயர் இழுக்கவே முடியாது என்கிற வாடகை வீட்டுக்காரர்களுக்கு மட்டும் சரி. அதையும் பாதி வழியில் மாட்ட வேண்டும்.

இவ்வளவும் அந்தப் பெண்ணோ அவள் அப்பாவோ தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். எங்கள் காலத்தில் போன் கனெக்‌ஷன் கொடுத்தால், வீட்டுக்காரர் கருவியை எங்கே வைத்துப் பேசப்போகிறார் என்று கேட்டு அதுவரை ஒயர் அடிப்போம். ரோசெட் முடுக்கி, ரிசீவரை எடுத்து டயல் டோன் கேட்டு, டெஸ்ட் டெஸ்க்கைக் கூப்பிட்டு மணி அடிக்கச் சொல்வோம். அவர் உட்காரும் நாற்காலி பக்கத்தில் மணி அடித்த பிறகுதான் கையெழுத்து. துறையில் ஆயிரம் குறை இருந்தது, கனெக்‌ஷனுக்கு வருஷக்கணக்கில் காக்கவைத்தோம். ஆனால் வேலை எங்கே முடிகிறது என்பதில் குழப்பம் இருந்ததில்லை.

இன்றைக்கு மாட்ட வருகிற பையன் பெட்டிக்கு ஓரடி தள்ளி நின்று, தன் போனிலேயே ஸ்பீடு டெஸ்ட் போட்டு, "பாருங்க சார், 98" என்று காட்டிவிட்டுப் போகிறான். அந்த டெஸ்ட்டுக்குப் பதில் சொல்லும் சர்வர் பல சமயம் அந்தக் கம்பெனியின் சொந்த வலைக்குள்ளேயே இருக்கும். நல்ல எண் வராமல் என்ன செய்யும்? அவனைக் குறை சொல்லவில்லை. கான்ட்ராக்ட் பையன், கனெக்‌ஷனுக்கு இவ்வளவு என்று கூலி. கூடம் வரை ஒயர் இழுத்தால் அவன் நேரம்தான் போகும், யாரும் காசு கொடுக்கமாட்டார்கள்.

அரசாங்கமும் வாசலோடு நின்றுவிடுகிறது. 2023 ஜனவரியில் பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தபட்ச வேகம் 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து 2 எம்பிபிஎஸ்ஸாக உயர்த்தப்பட்டது. நல்லது, ஆனால் அது லைனின் கணக்கு. ஜெர்மனியில் 2021 டிசம்பர் முதல், சொன்ன வேகம் வராவிட்டால் கட்டணத்தைக் குறைக்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. அங்கேயும் லேன் கேபிளில் அளந்து காட்டினால்தான் செல்லும். வைஃபைக்கு கம்பெனி பொறுப்பேற்க முடியாது, உங்கள் சுவரை நாங்களா கட்டினோம் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பெட்டியைக் கொடுப்பதும் அவர்களே, எங்கே மாட்டுவது என்று முடிவு செய்வதும் அவர்களே. பின்கட்டில் வராத வேகத்துக்குப் பெரிய பிளானை மருந்தாக விற்பதும் அவர்களேதான். அந்த மூன்றாவதைச் செய்கிற வாய்க்கு சுவர் வாதம் பேச உரிமை இல்லை.

டிராய் ஒரு சின்ன விதி போடட்டும். கனெக்‌ஷன் கொடுக்கும் படிவத்தில் இரண்டு எண் எழுத வேண்டும்: கேபிளில் வந்த வேகம், வாடிக்கையாளர் வழக்கமாக உட்காரும் இடத்தில் அவருடைய லேப்டாப்பிலேயே வந்த வேகம். இரண்டுக்கும் கீழே கையெழுத்து. இரண்டாவது எண் குறைந்தால் கம்பெனி ஈடு கட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. குறைகிறது என்று எழுதிக் கொடுக்கட்டும், கேபிள் இழுக்க என்ன ஆகும் என்று விலை சொல்லட்டும். பிளானை ஏற்றச் சொல்லும் முன் அந்தப் படிவத்தை எடுத்துப் பார்க்கட்டும். 2.4 மட்டும் உள்ள பெட்டியை 100 எம்பிபிஎஸ் பிளானோடு 'இலவசமாக' கொடுத்தால், அதையும் அட்டைப் பெட்டி மேல் கொட்டை எழுத்தில் போடட்டும். நெரிசலான தெருவில் அந்த அலைவரிசையில் மட்டும் ஓடும் பெட்டி 100-ஐ முழுசாகக் கொடுப்பது நடக்காத காரியம்.

புதிதாக வீடு கட்டுகிறவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். ஏ.சி.க்கும் டிவிக்கும் பைப் பதிக்கும்போதே, ஃபைபர் நுழையும் இடத்திலிருந்து கூடத்துக்கு ஒன்று, அங்கிருந்து ஒவ்வொரு படுக்கை அறைக்கும் ஒவ்வொன்று என்று முக்கால் இஞ்சு பைப் போடச் சொல்லுங்கள். கரன்ட் ஒயர் போகும் பைப்பிலேயே இதையும் விட்டுவிடலாம் என்று எலக்ட்ரீஷியன் சொல்வார். கூடாது, தனி பைப்தான் வேண்டும். பூச்சு வேலை தொடங்கும் முன் நீங்களே ஒருமுறை போய், உள்ளே இழுப்புக் கம்பி விட்டிருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.