காணொளிப் பாடமும் மருத்துவக் கல்வியும்

ஆசிரியர் ஒருவர் மேடைமீது நின்று ஒருமணி நேரம் விரிவுரை நிகழ்த்துவதும், மாணாக்கர் 150 பேர் அதனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதும் மருத்துவக் கல்லூரிகளில் நெடுங்காலமாய் நிலவிவரும் வழக்கமாகும். அவ்விரிவுரையைக் காணொளியாக்கி, மாணாக்கர் முன்னரே தத்தம் அறையிலிருந்து கண்டு வரச் செய்து, வகுப்பு நேரத்தை வினாவிடைக்கும் நோயாராய்ச்சிக்கும் ஒதுக்கும் புதுமுறை இக்காலத்திற் பரவி வருகின்றது. ஆங்கிலத்தில் 'பிளிப்டு கிளாஸ்ரூம்' என வழங்கும் இதனைத் 'திருப்பிய வகுப்பு' என யாம் குறிப்போம். இதனைப் போற்றுவோரும் உளர். ஆசிரியர் தம் கடமையைக் கருவியின் தலையிற் சுமத்தும் உபாயமே இது என்று இகழ்வோரும் உளர். இம்முறை கொள்ளத்தக்கதே என்பது எமது துணிபு. ஆயின் அதன் பயன் காணொளியில் இல்லை. காணொளியால் நமக்கு மீண்டு கிடைக்கும் அவ்வொரு மணி நேரத்தை எங்ஙனம் செலவிடுகின்றோம் என்பதிலேயே உளது.

இம்முறை மருத்துவக் கல்லூரியிற் பிறந்ததன்று. அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் இரசாயனம் கற்பித்த பெர்க்மன், சாம்ஸ் என்னும் ஆசிரியர் இருவர், வகுப்பைத் தவறவிட்ட மாணாக்கரின் பொருட்டு 2007-ஆம் ஆண்டில் தம் பாடங்களைப் பதிவு செய்யத் தொடங்கினர். 2012-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களாகிய புரோபர், ஹீத் என்போர், விரிவுரையில்லா விரிவுரை மண்டபங்கள் வேண்டுமென மருத்துவ இதழொன்றில் எழுதினர். அங்கே உயிர் இரசாயனப் பாடம் இவ்வாறு மாற்றப்பட்டபின், கட்டாயமில்லாத வகுப்புக்கு வருவோர் தொகை நூற்றுக்கு 30-இலிருந்து 80 ஆக உயர்ந்ததென அவர்கள் குறித்துள்ளனர். விரிவுரை நீங்கியபின் மாணாக்கர் வகுப்பை நாடி வந்தனர் என்பது சிந்திக்கற்பாலது.

2014-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, விஞ்ஞானம், பொறியியல், கணிதம் ஆகிய துறைகளில் நிகழ்ந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிற்று. விரிவுரை மட்டும் கேட்டோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 34 பேர் தேர்வில் தவறினர். வகுப்பில் தாமே வினவியும் விடுத்தும் பயின்றோருள் தவறியவர் 22 பேரே. அவ்வாராய்ச்சி மருத்துவக் கல்வியைத் தனியே ஆய்ந்ததன்றாயினும், அது காட்டும் நெறி நமக்கும் உரியதே.

இவ்வுண்மை தமிழர்க்குப் புதிதன்று. பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்தில், ஒருமுறை கேட்டதை மீண்டுங் கேட்பின் பிழை குறையும் என்கிறார். ஆசிரியர் உரைத்ததை நன்கு கொள்ளினும் புலமையிற் காற்பங்கே கைவரும் என்றும், உடன்பயில்வாரோடு பழகுவதாற் காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்றும் பகுத்துரைக்கிறார். காணொளி, இருமுறை கேட்டலை எளிதாக்குகின்றது. ஏனைய முக்காற் பங்குக்கும் இடந்தருவது வகுப்பறையே.

காணொளி எதற்குத் தகும்? அசைவால் விளங்கும் பொருளுக்கு அது மிகத்தகும். கருவில் நேரிய குழாயாய்த் தோன்றும் இதயம் வளைந்து மடிந்து நான்கு அறையாகப் பிரியும் வகையை, கரும்பலகைச் சித்திரம் காட்டுவதினும் அசையும் படம் தெளிவாய்க் காட்டும். இன்னொரு நன்மையும் உண்டு. அரசினர் பள்ளிகளிற் பயின்றோர்க்குத் தமிழ்நாட்டில் 2020-ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவ இடங்களில் நூற்றுக்கு 7.5 பங்கு ஒதுக்கிற்று. அவருட் பலர் தமிழ் வழியே கற்றவர். ஆங்கில விரிவுரை ஆற்றுவெள்ளம்போல் ஓடுங்கால், ஒரு சொல் விளங்காமையால் அடுத்த பத்து வாக்கியங்களை இழப்போர் அவர். 150 பேர் நடுவே எழுந்து வினவ நாணுவோரும் அவரே. காணொளியையோ அவர் நிறுத்தலாம், திருப்பலாம், அகராதி பார்த்து மீண்டுங் கேட்கலாம். அறிவிற் குறையாது மொழியால் மட்டும் பின்தங்கும் மாணவனுக்கு இது சிறிய உதவியன்று.

ஆயினும் எல்லை உண்டு. நோயாளி மூச்சை உள்வாங்குங்கால் வீங்கிய மண்ணீரல் விரல்நுனியில் வந்து முட்டும் உணர்ச்சியை எந்தக் காணொளியும் தாராது. அச்சத்தோடு அமர்ந்திருக்கும் தாயிடம் குழந்தையின் நோயை எவ்வாறு கூறுவது என்பதும் திரைமுன் அமர்ந்து பழகும் வித்தையன்று. 2020-இல் பெருந்தொற்றினாற் கல்லூரிகள் மூடப்பட்டபோது மாணாக்கர்க்குத் திரை மட்டும் எஞ்சிற்று. வகுப்பும் நோயாளர் படுக்கையும் இல்லாதொழிந்தன. அது திருப்பிய வகுப்பன்று, வகுப்பே இல்லாமை. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு இம்முறையைப் பழிப்பது நீதியாகாது.

ஆதலின் மூன்று நிபந்தனைகளை வற்புறுத்துவோம். முதலாவது, காணொளி சுருங்கியிருத்தல் வேண்டும். ஏறத்தாழ 69 இலட்சம் முறை காணொளிகள் காணப்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 2014-இல் வெளிவந்த ஆய்வு, பொதுவாக ஆறு நிமிஷத்துக்கு மேல் மாணாக்கர் கவனம் நிலைப்பதில்லை எனக் கண்டது. ஒருமணி விரிவுரையை அப்படியே பதிந்து அனுப்புவது பழைய குறையைப் புதிய பெட்டியில் இடுவதேயாம். இரண்டாவது, பகலில் விரிவுரையும் இரவிற் காணொளியுமாக இருமடங்கு சுமை ஏற்றலாகாது. காணொளிக்குச் செல்லும் நேரம் பாட அட்டவணையிற் கணக்கிடப்படல் வேண்டும். மூன்றாவது, கைக்கருவியும் இணைய வசதியும் இல்லாத மாணாக்கர்க்குக் கல்லூரி நூலகம் அவற்றை அளித்தல் வேண்டும். அன்றேல் ஏழையை உயர்த்த வந்த முறையே அவனைத் தாழ்த்தும்.

இனி, மீண்ட நேரத்தை எங்ஙனம் செலவிடலாம்? ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணொருத்தி, கால் வீங்கியுள்ளது, இரவிற் படுத்தால் மூச்சுத் திணறுகின்றது. இதயமா, சிறுநீரகமா, ஈரலா நோயுற்றது? முதலில் எதனை வினவுவாய்? எதனைத் தொட்டுப் பார்ப்பாய்? பத்துப் பேர் கூடி வாதித்து, ஒருவன் தவறான விடை கூற, மற்றொருவன் காரணங்காட்டி மறுக்க, ஆசிரியர் அருகிருந்து நெறிப்படுத்தின், அந்நேரம் வீணாகாது. வகுப்பில் நேரும் தவறு திருத்தப்படும். மருத்துவமனையில் நேரும் தவற்றுக்கு நோயாளியன்றோ விலை கொடுக்கின்றார்?

இந்தியாவில் 2019-இல் வகுக்கப்பட்ட மருத்துவக் கல்வி விதிகள், விரிவுரை மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை மிகலாகாதென அறிவுறுத்தின. விதி வந்துவிட்டது, மனம் மாறவேண்டியதே எஞ்சியுள்ளது. ஆசிரியப் பெருமக்கள் மேடையினின்றிறங்கி மாணாக்கர் நடுவே அமர முன்வருவாராக. மாணாக்கர் காணொளியைத் தேர்வுக்கு முந்திய இரவுக்கென ஒதுக்காது, வினாவோடு வகுப்புக்கு வருவாராக. இக்கல்லூரியிற் பயின்று மருத்துவத்துறை புக்க பழைய மாணவர், கடினமான பகுதிகளைத் தமிழில் விளக்கும் சிறு காணொளிகளை இயற்றித் தம் பின்னோர்க்கு உதவுவாராக. கற்பிக்குங் கருவி எதுவாயினும், கற்றவன் நோயாளியின் அருகே நின்று என்ன செய்கின்றான் என்பதே கல்விக்கு உரைகல்லாகும்.