மெத எலயில் போகும் மருந்து



கண்டி வாவியிலிருந்து புறப்படும் மெத எல, நகரத்தின் கழிவையும் ஏற்றுக்கொண்டு கெட்டம்பே பக்கம் போய் மகாவலியில் சேர்கிறது. அதன் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோம். நாற்றமே இல்லாத ஓர் ஆபத்தைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேச வேண்டும்.

நாம் விழுங்கும் அன்டிபயோட்டிக் உடம்பிலேயே தீர்ந்துவிடுவதில்லை. அமொக்சிசிலினில் பெரும்பகுதி மாறாமல் சிறுநீரோடு வெளியேறுகிறது. வீடு, வைத்தியசாலை வார்டு, கோழிப்பண்ணை என்று பல இடங்களிலிருந்தும் கானுக்கு வரும் மருந்து மிகச் சொற்பம். கிருமிகளைக் கொல்ல அது காணாது. ஆனால் மருந்துக்குத் தாக்குப்பிடிக்கும் கிருமி மற்றவற்றை முந்திப் பெருக அந்தச் சொற்பமே போதும். தனக்குக் காவலான மரபணுவை அது வேறு இனக் கிருமிக்கும் கொடுத்துவிடும். மலக்கழிவில் கிருமிகள் கோடிக்கணக்கில் நெருங்கிக் கிடக்கின்றன. கைமாற்றத்துக்கு இதைவிட வசதியான சந்தை கிடையாது.

ஹைதராபாத் அருகே பட்டன்செருவில் மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில், சிப்ரோஃப்ளொக்சசின் என்ற அன்டிபயோட்டிக் லீற்றருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததை 2007இல் ஓர் ஆய்வு காட்டியது. நோயாளியின் இரத்தத்தில் இருப்பதைவிட அதிகம் அது! கண்டியில் அப்படித் தொழிற்சாலைக் கூட்டம் இல்லை. அதற்காக நிம்மதியாக இருந்துவிட முடியுமா? 2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக இறந்தவர்கள் உலகில் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

வைத்தியரைக் கேளாமல் பாமசியில் மருந்து வாங்குவோரைக் கண்டிக்கிறோம், சரிதான். ஆனால் ஒழுங்காக மருந்தெடுப்பவரின் சிறுநீரும் அதே கானுக்குத்தானே போகிறது? ஆகவே கழிவுநீர்க் குழாய் போடுவதும் வைத்தியம்தான் என்பது என் உறுதியான எண்ணம். ஜப்பானியக் கடனுதவியில் கன்னொருவையில் எழுந்த சுத்திகரிப்பு நிலையத்தை அதனால்தான் பெரிதாக மதிக்கிறேன். இத்தகைய நிலையங்கள் மருந்தையும் எதிர்ப்பு மரபணுக்களையும் முழுதாக நீக்குவதில்லை, குறைக்கின்றன. நகரத்தின் எல்லா வீடுகளும் அதில் இணைந்துவிடவும் இல்லை.

மகாவலி நமக்கு மட்டும் சொந்தமான ஆறுமல்ல. 1976இலிருந்து பொல்கொல்லையில் திருப்பப்படும் அதன் நீர், சுரங்கவழியே உக்குவளைக்குப் போய், சுது கங்கையில் விழுந்து, வறண்ட வலயத்து வயல்கள்வரை பாய்கிறது.

மிஞ்சிய மாத்திரைகளை மலசலகூடத்திலோ கானிலோ போடாதீர்கள். மருந்து தந்த இடத்திலேயே அவற்றை என்ன செய்வதென்று கேளுங்கள். உங்கள் வீட்டுக் கழிவுநீர் எங்கே போகிறது என்றும் விசாரித்து எங்களுக்கு எழுதுங்கள். கட்டுகஸ்தோட்டை, பேராதனைப் பக்கத்துக் கடிதங்களை ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்