பரணில் இரண்டு பலகைகள்

தாம்பரம் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது 2012ஆம் ஆண்டின் ராஸ்பெர்ரி பை ஒன்று கிடைத்தது. வெறும் 256 எம்பி நினைவகம். எஸ்டி கார்டில் இன்றைய இயங்குதளத்தை ஏற்றினேன்; மெதுவாகத்தான், ஆனால் லினக்ஸ் எழுந்துவிட்டது. அந்தப் பழைய ஆர்ம் சில்லுக்காக டெபியனின் ஆயிரக்கணக்கான பொதிகளைத் தன்னார்வலர்கள் மறுபடி தொகுத்து ராஸ்பியனாகத் தந்த உழைப்பு அது. பக்கத்திலேயே இன்னொரு பலகை. வயதில் இளையது, வேகமும் அதிகம். செய்த நிறுவனம் ஒரே ஒரு கெர்னலைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது, மூலநிரலும் தரவில்லை; அதனால் அதில் இன்றைய இயங்குதளத்தை ஏற்ற வழியில்லை. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. கிண்டிக்குப் பக்கத்தில், ஐஐடி மெட்ராஸின் சக்தி சில்லில் 2018இலேயே லினக்ஸ் ஓடியது. அதை வைத்துப் பலகை செய்கிறவர்களாவது இப்படிக் கைவிடாமல், விற்பனைக்கு முன்பே தங்கள் இயக்கிகளைப் பொதுக் கெர்னலில் சேர்த்துவிட வேண்டும்.