முறையிடாதது குற்றமா?



போர்க்களத்திலே கால் இழந்து திரும்பியவனைக் கண்டால் கை தொழுகிறோம். பகைவன் தந்த காயம். பலர் கண்ட காயம். ஏட்டிலே ஏறிய காயம்! ஆனால் பாசறைக்குள்ளேயே, உடன் நின்றவனால், ஆணையிடும் அதிகாரியால் சூறையாடப்பட்டவளின் காயத்துக்கு ஏடு எங்கே? சாட்சி எவர்?

அமெரிக்க நாட்டின் கதை இது. அங்கே முன்னாள் படைவீரர் நலத்துறையின் மருத்துவர்கள் கேட்டபோது, பெண்களில் மூவருக்கு ஒருவர், படையிலே பாலியல் கொடுமைக்கு ஆளானதாகக் கூறினர். ஆண்களிலும் 50 பேருக்கு ஒருவர்!

மருத்துவமனையின் வாயில் அகலமானது, பாராட்டத்தான் வேண்டும். நடந்ததென்று சொன்னால் போதும். சான்றும் கேளார், கட்டணமும் கேளார். அதே துறையின் உதவித்தொகை அலுவலகத்திலோ காட்சி மாறுகிறது.

"அன்றே முறையிட்டீரா?"

"யாரிடம் ஐயா? கொடுமை செய்தவரே என் மேலதிகாரி!"

"ஆதாரம் இல்லை. போகலாம்."

நாடகக்காரன் சுருக்கிச் சொல்கிறேன், கூட்டிச் சொல்லவில்லை. கடற்படையில் பணியாற்றிய ரூத் மூர், 1987இல் அசோர்ஸ் தீவிலே மேலதிகாரியால் சிதைக்கப்பட்டார். ஆளுமைக் கோளாறு என்று முத்திரை குத்தி வெளியே அனுப்பினர். உரிய உதவித்தொகை பெற 23 ஆண்டுகள்! 2012இல் நாடாளுமன்றக் குழுவின் முன் அவரே உரைத்த வரலாறு அது.

விதி இல்லையா? இருக்கிறது. முறையீடு இல்லாவிடினும், இடமாற்றம் கேட்ட மனு, திடீரெனத் தாழ்ந்த பணித்திறன், கருச்சோதனை, தோழியின் வாக்குமூலம் ஆகியவையும் சான்றாகும் என்று 2002இலேயே எழுதி வைத்தனர். எழுதியவர் கை ஓய்ந்தது. படிப்பவர் கண் திறக்கவில்லை! 2017இல் ஆறு மாதங்களில் மறுக்கப்பட்ட சுமார் 2,700 மனுக்களில் 1,300 முறைப்படி ஆராயப்படவில்லை என்று, துறையின் தலைமை ஆய்வாளரே 2018இல் அறிவித்தார். திருந்தினரா? 2021இல் மீண்டும் பார்த்தபோது தவறு நூற்றுக்கு 57 ஆக வளர்ந்திருந்தது.

பகைவர் தாக்குதலுக்கு அஞ்சி மனம் நைந்தவனுக்கு, மருத்துவர் உறுதிசெய்தால் அவன் சொல்லே போதுமென்று 2010இல் விதியைத் தளர்த்தினர். நன்று! அந்தச் சலுகை இவளுக்கு மட்டும் ஏன் இல்லை? ரூத் மூர் பெயரால் வந்த மசோதா 2013இல் கீழவையில் நிறைவேறியது, சட்டமாகவில்லை.

மறுத்துக் கட்டிய கோப்புகளை மீண்டும் அவிழ்க்கட்டும். அவள் அன்று இடமாற்றம் கேட்ட மனு எந்தக் கட்டிலே கிடக்கிறதென்று தேடட்டும். தேடும் கடமை அலுவலகத்துடையது, அவளுடையதன்று.